என் பாஸ்போர்ட்டும் கோத்தகிரி பஸ்ஸும்

ராத்திரி பதினோரு மணிக்கு மேல எங்க ஹாஸ்டல்ல நடக்கிற பேச்சுல பாதி பிளேஸ்மென்ட். மீதிப் பாதி 'ஃபர்ஸ்ட் சோலோ இன்டர்நேஷனல்'. யாராவது ஒரு சீனியர் வியட்நாமோ பாலியோ போய் வந்து ரீல் போட்டிருப்பாங்க. முதுகுல ஒரு பை, பின்னாடி பச்சை மலை, 'இங்கதான் என்னையே நான் கண்டுபிடிச்சேன்'னு கீழ ஒரு வரி. எங்க விங்ல மட்டும் ஏழு பேர்கிட்ட பாஸ்போர்ட் இருக்கு. ஒண்ணுலகூட ஒரு சீல் விழலை. என்னுடையதும் அப்படித்தான். இன்டர்வியூல கேட்பாங்கன்னு யாரோ சொன்னதை நம்பி எடுத்தது.

போன டிசம்பர் செமஸ்டர் முடிஞ்சதும் எனக்கும் ஆசை வந்தது. தனியா, மலை, காடு, யாரும் கூப்பிடாத இடம். கையில இருந்தது 4,000 ரூபாய். அதை வச்சுக்கிட்டு ஏர்போர்ட் வரைக்கும் போய் டாட்டா காட்டிட்டு வரலாம். அதனால நீலகிரி போனேன். மேட்டுப்பாளையத்துல ஏறி குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, மூணு நாள்.

வெளிநாடு போக வசதி இல்லாதவங்க ஊட்டிக்குப் போய் மனசைத் தேத்திக்கலாம்னு சொல்றதுக்காக இதை எழுதலை. முதல் தனிப் பயணத்துக்கு நீலகிரியைவிடப் பொருத்தமான இடம் நமக்கு இல்லைங்கிறது என் கருத்து. 'வெளிநாடு', 'இயற்கை' ரெண்டு வார்த்தைக்கும் நான் வச்சிருந்த அர்த்தம் அங்க ஒரே பஸ் பயணத்துல கலைஞ்சு போச்சு. அதைச் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் புலம்பிக்கிறேன்.

வீட்ல சம்மதம் வாங்கினது ஒரு தனி செமஸ்டர். "தனியாவா? காலேஜ்ல டூர் கூட்டிட்டுப் போகலையா?" இது அப்பா. அம்மா ஒண்ணும் சொல்லலை, லைவ் லொகேஷனை ஆன் பண்ணி வைக்கச் சொன்னதோட சரி. ஆறு மணிக்குள்ள ரூமுக்குப் போயிடணும்னு ஒப்பந்தம். குன்னூர்ல முதல்ல போன லாட்ஜ்ல, தனியா வர்ற பொண்ணுங்களுக்கு ரூம் தர்றதில்லைன்னுட்டாங்க. ஏன்னு கேட்டதுக்கு, "உங்க நல்லதுக்குத்தான்மா." பையன்கள் 'சோலோ'ன்னு சொல்லும்போது இந்த ஒரு சீன் அவங்க கதையில வராது. ரெண்டாவது இடத்துல ஒரு அக்கா ஆதார் கார்டைப் பார்த்துட்டு, சாப்பிட்டியான்னு கேட்டுட்டு, சாவியைக் கொடுத்தாங்க.

மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்காரங்களுக்காக ஒரு பத்தி. மேட்டுப்பாளையத்துல காலையில 7.10-க்குக் கிளம்புற மலை ரயில்ல எஞ்சின் முன்னாடி இருக்காது, பின்னாடியிருந்து பெட்டிகளைத் தள்ளிட்டுப் போகும். கல்லாறு தாண்டினதும் ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல பல் வச்ச இரும்புப் பட்டை ஆரம்பிக்குது. எஞ்சின் அடியில இருக்கிற பல்சக்கரம் அதைப் பிடிச்சுப் பிடிச்சு ஏறும். பட்டை ஒண்ணு இல்லை, ரெண்டு. ஒண்ணோட பல்லும் இன்னொண்ணோட பல்லும் நேருக்கு நேர் வராம அரைப்பல் தள்ளி இருக்கும், அதனால எந்த நிமிஷமும் பிடி விடாது. 12 அடி போனா 1 அடி ஏறுற சரிவு. குன்னூர் வரைக்கும் 1899-லயே பாதை திறந்தாச்சு, ஊட்டி வரைக்கும் 1908-ல. புத்தகத்துல ரேக் அண்ட் பினியன் படிச்சப்போ தூங்கின நான், ஜன்னல்ல தலையை நீட்டி அந்தச் சத்தத்தை மூணு மணி நேரம் கேட்டுட்டு வந்தேன்.

ரயில்லயும் சரி, குன்னூர்லயும் சரி, முதல் நாள் முழுக்க நான் எடுத்த படம் எல்லாமே பச்சை. தேயிலை, அதுக்கு மேல தைலமரம், அதுக்கு மேல மேகம். 'நேச்சர்'னு போட்டு ஸ்டேட்டஸ் வச்சேன்.

மறுநாள் காலையில குன்னூர் பஸ் ஸ்டாண்ட்ல கோத்தகிரி பஸ் ஏறினேன். பக்கத்து சீட்ல ஒரு பாட்டி. எழுபது வயசு நெருங்கும். மப்ளர், ஸ்வெட்டர், மடியில ஒரு கட்டைப்பை. நாலு பேரா வந்திருந்தா எங்களுக்குள்ளயே கத்திட்டு வந்திருப்போம், அவங்க ஜன்னலைப் பார்த்துட்டு வந்திருப்பாங்க. தனியா இருந்ததால அவங்களே ஆரம்பிச்சாங்க.

"ஏம் பாப்பா, தனியாவா வந்த?"

"ஆமா பாட்டி. சும்மா சுத்திப் பாக்க."

"என்னத்தைப் பாக்க?"

"இந்த மலை, டீ எஸ்டேட்டு, இயற்கை..."

அவங்க சிரிச்சாங்க. "நாப்பது வருஷம் இதுலதான் கொழுந்து எடுத்தேன். இதைப் பாக்கவா காசு போட்டு வந்த?"

அப்புறம் அவங்க பேசினதுல 'தோட்டம்', 'கப்பல்', 'அட்டன்'னு வார்த்தைகள் வந்துட்டே இருந்தது. எந்த ஊர் பாட்டின்னு கேட்டேன். அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், இலங்கை. பிறந்தது அங்கதான், ஏழாவது வரைக்கும் படிச்சதும் அங்கதான். பதினாறு வயசுல அப்பா, அம்மா, தம்பியோட ரயில்ல தலைமன்னார் வந்து, கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் முகாம்ல கொஞ்ச நாள் இருந்துட்டு, அங்கிருந்து நேரா இந்த மலை. அதுக்கு முன்னாடி இந்தியாவை அவங்க பார்த்ததே இல்லை.

எந்தப் பயணத்தைப் பத்தி நாங்க ஹாஸ்டல்ல ராத்திரி கனவு கண்டுட்டு இருந்தோமோ அது என் பக்கத்து சீட்லயே உட்கார்ந்திருந்தது. சின்ன வயசு, முதல் வெளிநாட்டுப் பயணம், போய்ச் சேர்ந்த இடம் மலையும் மேகமும். அவங்களுக்கு ரிட்டர்ன் டிக்கெட் மட்டும் கிடையாது.

இந்த வரலாறு எனக்குத் தெரியாது. பிளஸ் டூ வரைக்கும் சமூக அறிவியல் புத்தகத்துல கடந்துபோன ஒரு வரியா இருந்திருக்கலாம், மதிப்பெண் வராத வரி. ரூமுக்கு வந்து தேடிப் படிச்சதைச் சுருக்கமாச் சொல்றேன். பிரிட்டிஷ்காரர்கள் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு லட்சக்கணக்கானவர்கள் கூலிகளாகப் போனார்கள். பல தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தது. 1948-ல் சுதந்திரம் பெற்ற இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். 1974-ல் பேசி ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். டேட்டா ஸ்ட்ரக்சர் வகுப்பில் அர்ரேயை இரண்டாகப் பிரிப்போமே, கிட்டத்தட்ட அப்படி.

அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-ல் தமிழக அரசு நீலகிரியில் வனத்துறை நிலத்தில் தேயிலை போட ஆரம்பித்தது. இன்றைக்கு டான்டீ என்று கடைகளில் பாக்கெட் பார்க்கிறோமே, அந்த நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். 1976-ல் அது கம்பெனி ஆனது. நான் 'நேச்சர்' என்று ஸ்டேட்டஸ் போட்ட மலைச்சரிவுகள் போல எத்தனையோ சரிவுகள், அட்டனிலும் கண்டியிலும் பிறந்தவர்கள் இங்கே வந்து நட்டுப் பராமரித்தவை.

அரசுக் காகிதங்கள் இவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. பாட்டிகிட்ட அந்த வார்த்தையைச் சொன்னேன். "திரும்பினமா? வந்தோம்னு சொல்லு" அப்படின்னாங்க. அவங்க தாத்தாவோட அப்பா துறையூர்ப் பக்கம்னு வீட்ல ஒரு பேச்சு இருந்திருக்கு. வந்த புதுசுல அவங்கப்பா தேடிப் போயிருக்கார். அங்க யாருக்கும் அந்தப் பேர் தெரியலை. ஒரு டீ குடிச்சுட்டுத் திரும்பிட்டார். இங்க இருக்கிறவங்களுக்கு அவங்க ரொம்ப நாளைக்கு 'சிலோன்காரங்க'. அங்க இருந்த வரைக்கும் 'இந்தியாக்காரங்க'.

"அங்கயும் தேயிலை, இங்கயும் தேயிலை. குளிருகூட ஒண்ணுதான். அதனாலயோ என்னவோ ரொம்ப அழுகலை" அப்படின்னு அவங்களாவே சொன்னாங்க.

அவங்க கோத்தகிரிக்கு முன்னாடியே இறங்க வேண்டியவங்க. இறங்குறப்போ, சாயங்காலம் இதே வழியாத்தான திரும்புவ, டீ குடிச்சுட்டுப் போன்னு சொல்லி ஸ்டாப் பேரைச் சொன்னாங்க.

கோத்தகிரியிலேர்ந்து மூணு கிலோமீட்டர் தள்ளி லாங்வுட் சோலைன்னு ஒரு காடு இருக்கு. மொத்தமே 116 ஹெக்டேர்தான். 2024 ஜனவரியில ராம்சார் தளமா அறிவிச்சாங்க. வனத்துறை அனுமதியோட, உள்ளூர் ஆள் ஒருத்தர் கூட வர நடந்தேன். (இதை அழுத்திச் சொல்றேன்: தனியாப் பயணம் போறது வேற, தனியாக் காட்டுக்குள்ள போறது வேற. அங்க காட்டுமாடு நிஜமாவே திரியுது. அது உங்க ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்க்காது.)

உள்ளே நுழைஞ்ச முதல் நிமிஷம், நேத்துப் பார்த்த பச்சை எதுவும் காடு இல்லைன்னு புரிஞ்சது. தேயிலைச் சரிவு சீவி விட்ட தலை மாதிரி ஒரே மட்டம். சோலையில எதுவும் மட்டமா இல்லை. மரங்கள் குட்டையா, முறுக்கிக்கிட்டு. ஒவ்வொரு கிளையிலயும் பாசி, பாசி மேல பெரணி. தரையில கால் வச்சா ஸ்பாஞ்சுல வச்ச மாதிரி இறங்குது. மழை விட்டு ரெண்டு நாள் ஆகியும் எங்கயோ தண்ணி சொட்டுற சத்தம். கூட வந்தவர் சைகை காட்டி நிறுத்தினார். நீலகிரிச் சிரிப்பான். உலகத்துல இந்த மலைத்தொடரைத் தவிர வேற எங்கயும் இல்லாத பறவை. பேருக்கேத்த மாதிரியே கத்துச்சு. படம் எடுக்க முடியலை, இருட்டு.

நீலகிரியின் உயரமான பகுதிகள் இயல்பில் இப்படித்தான் இருந்தன: பள்ளங்களில் சோலை, மேடுகளில் புல்வெளி. இரண்டும் சேர்ந்துதான் மழையையும் மேகத்தையும் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளுக்கு விடுகின்றன. கோயம்புத்தூர் ஹாஸ்டல்களில் இருக்கிற நண்பர்கள் குழாயைத் திறந்தால் வருகிற பில்லூர் தண்ணீரின் ஒரு நுனி இந்த மலையில் இருக்கிறது. நாம் 'ஊட்டி' என்று நினைப்பதோ பெரும்பாலும் வெளியூர்ச் சரக்கு. ஏரியை 1820-களில் ஜான் சல்லிவன் வெட்ட வைத்தார். தைலமரமும் வாட்டிலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. சின்கோனா தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலையிலிருந்து வந்தது. உருளைக்கிழங்கும் அந்தப் பக்கம்தான். சினிமாவில் காதலர்கள் ஓடுகிற பைன் காடு வரிசையாக நட்டு வளர்த்தது. தேயிலை சீனாவிலும் அசாமிலும் இருந்து வந்தது. ஒரு ரூபாய் விசா கட்டணம் இல்லாமல் நான் ஆஸ்திரேலியா, சீனா, பெரு எல்லாம் சுற்றியிருக்கிறேன்.

மலைக்குப் போனா தன்னையே கண்டுபிடிக்கலாம்னு நம்புறவங்களுக்கு இங்க ஒரு இடைச்செருகல். 1847-ல ரிச்சர்ட் பர்ட்டன்னு ஒரு கம்பெனி ராணுவ அதிகாரி உடம்பு சரியில்லைன்னு நீண்ட லீவ் போட்டுட்டு கோவா, கள்ளிக்கோட்டை வழியா ஊட்டிக்கு வந்தார். வயசு 26. பிற்பாடு மெக்காவுக்கு மாறுவேஷத்துல போய்ப் பேர் வாங்கினவர். ஊட்டியில அவருக்கு போர் அடிச்சது. லீவ் முடியறதுக்கு ரொம்ப முன்னாடியே கிளம்பிட்டார். 1851-ல வந்த அவரோட புத்தகத்துல மலையைவிட ஊட்டி சீமான்கள் மேல இருக்கிற எரிச்சல்தான் அதிகம். நூத்தி எழுபது வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் ஊட்டிக்கு ஒரு ஸ்டார் ரிவ்யூ கொடுத்திருக்கார்.

லாங்வுட்டை விட்டு வெளியே வரும்போது எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான்: இந்தத் தேயிலையை எல்லாம் பிடுங்கிட்டு மறுபடி சோலையாக்கணும். ஒரு சூழலியல் மாணவியோட வீராவேசம் (நான் படிக்கிறது ஈ.சி.ஈ. என்பதை மறந்துட்டேன்). சாயங்காலம் பாட்டி வீட்டு லைன்ல உட்கார்ந்து வரக்காப்பி மாதிரி கறுப்பா ஒரு டீ குடிக்கிற வரைக்கும் அந்த எண்ணம் இருந்தது.

ஒரு ரூம், ஒரு அடுப்படி, சிமென்ட் ஷீட் கூரை. ஒரு எஸ்டேட்டோட குவார்ட்டர்ஸ். பாட்டி ரிட்டயர் ஆகியாச்சு. மருமகள் வேலையில இருக்கிறதால வீடு இருக்கு. அவளும் ரிட்டயர் ஆனா வீட்டைக் காலி பண்ணணும். மகன் திருப்பூர்ல. பேரனுக்குத் தோட்ட வேலையில இஷ்டமில்லை. "சொந்தமா ஒரு கூரை மட்டும் இல்லை பாப்பா. அங்கயும் லயம், இங்கயும் லைன் வீடு."

காடு திரும்பி வரணும்ங்கிற என் ஆசை அங்க முட்டி நின்னது. இது கற்பனையான முட்டல் இல்லை. 2022-ல் டான்டீ வசம் இருந்த சுமார் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. நஷ்டம் ஒரு காரணம். சூழலியல் ஆர்வலர்கள் பலர் மகிழ்ந்தார்கள். தாயகம் திரும்பியோர் குடும்பங்கள் பயந்தன, போராட்டங்கள் நடந்தன. அந்தச் செய்தியை ஸ்க்ரோல் பண்ணும்போது பார்த்திருந்தா நான் ஹார்ட் போட்டிருப்பேன். காடு ஜெயிச்சதுன்னு நினைச்சிருப்பேன்.

இப்போ என் கருத்து இது. சோலை திரும்பணும், அதுல நான் மாறலை. ஆனா 1968-ல காட்டை வெட்டித் தேயிலை போட முடிவெடுத்தது இந்தப் பாட்டி இல்லை. 1964-ல கையெழுத்துப் போட்டதும் அவங்க இல்லை. அரசாங்கங்கள் போட்ட கணக்கை அழிச்சுத் திருத்தும்போது அதுக்கான விலையை ரெண்டாவது தடவையும் அவங்ககிட்டயே வாங்கக் கூடாது. முதல்ல அவங்க பேர்ல பட்டாவோட வீடு. அப்புறம் நிலத்தைப் பத்திப் பேசலாம். அதுவும் போக, தேயிலையைக் கைவிட்டுட்டா சோலை தானா வந்துடும்னு நினைக்கிறது நம்ம மாதிரி 'அன்டூ' பட்டன் பழகினவங்களோட நினைப்பு. கைவிட்ட நிலத்துல முதல்ல ஏறுறது உண்ணிச்செடியும் வாட்டிலும்தான். இடத்துக்கேத்த சோலைக் கன்றுகளையும் புல்லையும் நாற்றங்காலில் வளர்த்து, நட்டு, பல வருஷம் களை எடுத்தாதான் ஏதாவது நடக்கும். அயல் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பது பற்றி 2022-லேயே தமிழக அரசு ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. அந்த வேலைக்கு இந்த மலையில் அனுபவம் உள்ள கை யாருடையது? நாற்பது வருஷம் சரிவில் நின்று வேலை பார்த்தவர்களின் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வேலையை முறையான சம்பளத்தோடு கொடுக்கலாம். மரத்தைத் தொடங்க வேண்டிய இடமும் தேயிலை அல்ல. யாரும் குடியிருக்காத தைலமர, வாட்டில் தோட்டங்கள் அங்கே ஏராளமாக இருக்கின்றன.

இதுல எனக்கே ஒரு சங்கடம் இருக்கு. அந்தப் பேரன், "எனக்குத் தோட்டமும் வேணாம், காடும் வேணாம், கோயம்புத்தூர்ல ஐ.டி. வேலை வேணும்"னு சொன்னா? சொல்லட்டும். என்னைவிட அவனுக்கு அந்த உரிமை கொஞ்சம் அதிகம்.

நீங்க போறதா இருந்தா கார்ல கும்பலாப் போகாதீங்க. கோர்ட் உத்தரவுல 2024 மே மாசத்துல இருந்து கார், பைக்குக்கு இ-பாஸ் கேட்கிறாங்க, அரசு பஸ்ல போறவங்களுக்கு அது தேவையில்லை. தனியாப் போனா பக்கத்து சீட் காலியா இருக்கும், யாராவது வந்து உட்காருவாங்க. பொண்ணுங்களா இருந்தா ரூமை முன்னாடியே போன்ல கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. ஸ்வெட்டர் ரெண்டு.

கிளம்பும்போது பாட்டி என் பையைப் பார்த்து, "வெளிநாடெல்லாம் போவியா?"ன்னு கேட்டாங்க. பாஸ்போர்ட் இருக்கு, போனதில்லைன்னேன். இப்ப சிலோனுக்குக் கப்பல் ஓடுதான்னு கேட்டாங்க. ஓடுது பாட்டி, நாகப்பட்டினத்துலேர்ந்து காங்கேசன்துறைக்குன்னு சொல்லி போன்ல காட்டினேன். கண்ணாடியை ஏத்தி விட்டுப் பார்த்தாங்க. காங்கேசன்துறைலேர்ந்து அட்டனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னாங்க. மேப்பைத் திறந்தேன். நெட்வொர்க் இல்லை, அது சுத்திட்டே இருந்தது. அதுக்குள்ள குன்னூர் பஸ் வந்துடுச்சு.